சைபர் புல்லியிங் பதின்ம வயதினரின் மனதை என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோர், ஆசிரியர், பதின்ம வயதினர் மூவருமே கேட்கிற கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் ஓடுகிறது: பிள்ளை முதன்முதலாக வாய் திறக்கும்போது பெரியவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது. அது சரியாக அமைந்தால் மற்றதைச் சமாளித்துவிடலாம்.

சைபர் புல்லியிங் என்று எதைச் சொல்கிறோம்?

போன், செயலி, ஆன்லைன் விளையாட்டு என்று ஏதாவது ஒன்றின் வழியாக ஒருவரை வேண்டுமென்றே, மீண்டும் மீண்டும் நோகடிப்பது. பள்ளிகளில் மாணவர்களுக்குள் நடக்கும் கொடுமையை 1970களிலேயே ஆராயத் தொடங்கிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: நோகடிக்கும் எண்ணம், திரும்பத் திரும்ப நடப்பது, ஒருவர் கை ஓங்கியிருந்து மற்றவர் தன்னைக் காத்துக்கொள்ள முடியாமல் இருப்பது. இணையத்தில் பின்னிரண்டும் வேறு மாதிரி வேலை செய்கின்றன. ஒரே ஒரு தடவை போட்ட படத்தை நூறு பேர் பகிர்ந்தால் அது நூறு தடவை நடந்த மாதிரிதான். நேரில் எதிர்த்து நிற்கத் துணிவில்லாதவர்கூட ஃபேக் ஐடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் அவர் கை ஓங்கிவிடுகிறது.

வசவும் மிரட்டலும் மட்டும்தான் இது என்று நினைத்தால் பாதியைத் தவறவிட்டுவிடுவோம். வகுப்புத் தோழி தும்மப்போகிற நொடியில் ஒரு போட்டோ எடுத்து, அதை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி, குரூப்பில் யார் எது சொன்னாலும் பதிலுக்கு அதையே போடுகிறார்கள். அதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை, அவள் பெயரும் இல்லை. பெரியவர் யாராவது அந்த சாட்டைப் படித்தால் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்றே நினைப்பார். அவளுக்கோ போன் அதிரும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

நண்பர்களுக்குள் கிண்டல் சகஜம்தானே? எல்லைக்கோடு எங்கே?

கிண்டலுக்கு ஆளானவர் அதே அளவு திருப்பிக் கிண்டல் செய்ய முடிகிறதா? "போதும்டா" என்றால் நிற்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் அது கிண்டல் இல்லை. "சும்மா ஜாலிக்குத்தான்" என்று செய்தவர் சொல்வதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. வாங்கிக்கொண்டவர் என்ன ஆனார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இது எவ்வளவு பரவலாக இருக்கிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2024-ல் வெளியிட்ட ஆய்வில் 44 நாடுகளைச் சேர்ந்த 11, 13, 15 வயதுப் பிள்ளைகள் பங்கேற்றார்கள். ஏறத்தாழ ஆறில் ஒருவர் இதற்கு ஆளானதாகச் சொன்னார். 2018-ல் ஆண் பிள்ளைகளில் 12 சதவீதமாகவும் பெண் பிள்ளைகளில் 13 சதவீதமாகவும் இருந்தது, 2022-ல் 15, 16 என்று ஏறியிருந்தது. யுனிசெஃப் 2019-ல் 30 நாடுகளில் இளைஞர்களிடம் நடத்திய கருத்துக்கேட்பில், ஐந்தில் ஒருவர் இதன் காரணமாகப் பள்ளிக்குப் போகாமல் இருந்ததாகச் சொன்னார்.

பெற்றோர் அதிகம் யோசிக்காத ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் 15 வயதினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில், நேரில் எந்தத் தொல்லையும் இல்லாமல் இணையத்தில் மட்டும் தொடர்ந்து துன்புறுத்தப்பட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே முகம் தெரியாத யாரோ எங்கிருந்தோ செய்கிறார் என்று கற்பனை செய்வதைவிட, பகலில் வகுப்பறையில் நடப்பது ராத்திரி போனில் தொடர்கிறது என்று எடுத்துக்கொள்வது பெரும்பாலும் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

திரையில் வரும் எழுத்துதானே? போனை அணைத்துவிட்டால் போகிறது. இதற்கு ஏன் இவ்வளவு வலி?

போனை அணைத்தாலும் மற்றவர்கள் போனில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். காலையில் வகுப்பில் நுழையும்போது யார் யார் பார்த்தார்கள் என்று தெரியாது. சிரிப்பவர் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று தோன்றும். முன்பெல்லாம் வீட்டு வாசற்படி தாண்டினால் கொஞ்சம் மூச்சு விடலாம். இப்போது படுக்கை வரைக்கும் கூடவே வருகிறது. போதாததற்கு, பட்ட அவமானத்தைத் தானே மறுபடி மறுபடி திறந்து படிக்கவும் முடிகிறது. பிள்ளைகள் படிக்கவும் செய்கிறார்கள்.

ஒதுக்கிவைப்பது தனி ரகம். உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸும் சக ஆய்வாளர்களும் 2000-ல் ஒரு சோதனையை அறிமுகப்படுத்தினார்கள். கணினித் திரையில் மூன்று பேர் பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் எளிய விளையாட்டு. அதில் நிஜ மனிதர் ஒருவர்தான், மற்ற இருவரையும் கணினி ஆட்டுவிக்கிறது. முதலில் அவருக்கும் பந்து வரும், பிறகு வராது. மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்வார்கள். சில நிமிட ஆட்டம், முன்பின் தெரியாத ஆட்கள், பரிசும் கிடையாது. அதற்கே மனம் வாடுகிறது. எதிரில் ஆடுவது கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் வாடுகிறது. இதே விளையாட்டை வளரிளம் பெண்களையும் வயதுவந்த பெண்களையும் வைத்து நடத்தியபோது, இளையவர்களின் மனநிலைதான் கூடுதலாகச் சரிந்தது.

தன்னைத் தவிர எல்லாரையும் சேர்த்துப் புதிதாக ஒரு குரூப் தொடங்கியிருக்கிறார்கள் என்று தெரியவருகிற பிள்ளையை இப்போது நினைத்துப் பாருங்கள். அங்கே இருப்பது தினமும் பக்கத்தில் உட்காரும் தோழிகள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டவும் ஒன்றும் இல்லை. "என்னைச் சேர்க்கலை" என்று சொன்னால் "இதுக்குப் போய் அழுவியா?" என்று வீட்டிலும் கேட்டுவிடுகிறார்கள்.

வயதும் ஒரு காரணம். நிதானமாக யோசித்து உணர்ச்சியைக் கட்டுப்படுத்த உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. சக வயதினர் தன்னை ஏற்கிறார்களா என்பதற்குத் துடிக்கும் பகுதிகளோ அதற்கு முன்பே முழு வேகத்தில் இயங்கத் தொடங்கிவிடுகின்றன. "அவங்களை ஏன் கண்டுக்கறே?" என்று நாம் சொல்வது அந்த வயதில் எளிதில் ஏறாததற்கு இதுதான் அடிப்படை.

மனநலத்தில் என்னென்ன பாதிப்பு வரலாம்?

முதலில் அடிபடுவது தூக்கம். ராத்திரி என்ன வருமோ என்ற பதற்றத்தில் விழித்திருப்பதும், வந்ததைப் படித்துவிட்டுப் புரண்டுகொண்டிருப்பதும் பழகிவிடும். தூக்கம் கெட்டால் கவனம் சிதறும், மதிப்பெண் குறையும், எரிச்சல் கூடும். வீட்டில் அதற்கும் சேர்த்துத் திட்டு விழும். தலைவலி, வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்குப் போக மறுப்பதும் உண்டு. அது நடிப்பு என்று முடிவுகட்டாதீர்கள். மனப்பதற்றம் உடம்பில் வலியாக வருவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

இது நீடித்தால் மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, தன்மேல் வெறுப்பு என்று போகலாம். என்னைக் கவலைப்படுத்துவது கடைசியில் சொன்னதுதான். தொடர்ந்து அதையே கேட்கும் பிள்ளை ஒரு கட்டத்தில் "அவங்க சொல்றது உண்மைதான் போல" என்று நம்பத் தொடங்கிவிடுகிறது. அப்புறம் திட்டுவதற்கு வெளியாள் தேவைப்படுவதில்லை.

உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வறிக்கை, இதற்கு ஆளான 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலை முயற்சிகளும் மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் காணப்பட்டதாகச் சொன்னது. துன்புறுத்துபவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்பதையும் அது காட்டியது. ஆனால் தற்கொலை ஒருபோதும் ஒரே காரணத்தால் வருவதில்லை. ஏற்கெனவே மனம் சோர்ந்திருக்கும் பிள்ளை எளிதான இலக்காகிறது, இலக்கானதும் மேலும் சோர்ந்துபோகிறது. பெரும்பாலான பிள்ளைகள் மீண்டுவிடுகிறார்கள், அதுவும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் சீக்கிரமாகவே.

எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

மாற்றத்தைப் பாருங்கள். நோட்டிஃபிகேஷன் சத்தம் கேட்டால் முகம் மாறுவது, நீங்கள் அறைக்குள் வந்ததும் திரையைக் கவிழ்ப்பது, எப்போதும் பயன்படுத்திய செயலியைத் திடீரென்று நீக்கிவிடுவது, தினமும் பேசிய நண்பரின் பெயரே வாயில் வராமல் போவது. போனிலேயே கிடந்த பிள்ளை போனைத் தொடாமல் இருப்பதும் அடையாளம்தான். அதைப் பார்த்து மகிழ்ந்துபோகும் பெற்றோர் உண்டு.

இவை எதுவுமே தனியாக ஒன்றையும் நிரூபிக்காது. கேட்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டால் போதும்.

இவ்வளவு நடந்தும் பிள்ளைகள் ஏன் வீட்டில் சொல்வதில்லை?

சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். வெட்கம் இருக்கிறது, அம்மா அப்பா வருத்தப்படுவார்களே என்ற எண்ணம் இருக்கிறது, பள்ளியில் போய்ச் சண்டை போட்டு இன்னும் மோசமாக்கிவிடுவார்கள் என்ற கணக்கும் இருக்கிறது. ஆனாலும் முதலில் வருவது போன்தான். அவர்களுடைய நட்பு முழுக்க அதற்குள் இருக்கிறது. அடித்தவர்கள் மட்டுமல்ல, ஆறுதல் சொல்லும் ஒரே தோழியும் அதே போனில்தான் இருக்கிறாள்.

அப்படியானால் போனை வாங்கிவைக்கவே கூடாதா?

சொன்னதற்காக வாங்கிவைக்கக் கூடாது. அடி வாங்கியவருக்கே தண்டனை கொடுத்த மாதிரி ஆகிவிடும், அடுத்த தடவை எது நடந்தாலும் உங்கள் காதுக்கு வராது. ராத்திரியில் வீட்டில் எல்லாருடைய போனும், பெரியவர்களுடையதும் சேர்த்து, படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும் என்பது வேறு விஷயம். தூக்கத்துக்கு அது நல்லது. எந்தச் சிக்கலும் இல்லாத நாளில் பேசி முடிவெடுத்த வழக்கமாக அது இருக்க வேண்டும்.

பிள்ளை சொல்லிவிட்டது. அந்த நேரத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?

கேளுங்கள். குறுக்கே பேசாமல், போனைக் கையில் வாங்காமல், முகத்தில் கோபத்தைக் காட்டாமல் கேளுங்கள். கோபம் வரத்தான் செய்யும். அது யார்மேல் என்று பிள்ளைக்குத் தெரியாது, தன்மேல்தான் என்று எடுத்துக்கொள்ளும்.

"நீ என்கிட்ட சொன்னது நல்லதாப் போச்சு. இதுல உன் தப்பு எதுவும் இல்ல. போனை நான் வாங்கமாட்டேன். உன்கிட்ட கேக்காம யார்கிட்டயும் போய்ப் பேசவும்மாட்டேன்." கிட்டத்தட்ட இப்படி. கடைசி வாக்கியத்தைச் சொன்னால் காப்பாற்ற வேண்டும். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு, அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

"நீ என்ன பண்ணினே?", "அந்தப் போட்டோவை எதுக்குப் போட்டே?" இந்த இரண்டு கேள்விகளும் அன்றைக்கு வேண்டவே வேண்டாம். தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருந்தால் சில நாள் கழித்துத் தானாக வரும்.

ஆதாரத்தை எப்படிச் சேர்ப்பது?

அழிப்பதற்கு முன்பு ஸ்கிரீன்ஷாட். அனுப்பியவரின் கணக்குப் பெயர், தேதி, நேரம் மூன்றும் தெரிய வேண்டும். பதிவின் இணைப்பையும் நகலெடுத்து வையுங்கள், ஏனென்றால் காட்சிப் பெயரை நொடியில் மாற்றிவிடலாம். தானாக மறையும் செய்திகளை இன்னொரு போனால் படம் எடுப்பது பாதுகாப்பு, சில செயலிகள் ஸ்கிரீன்ஷாட் எடுத்ததை அனுப்பியவருக்கே தெரிவித்துவிடும். எடுத்தவற்றைப் பெரியவர் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். பிள்ளையின் போனில் இருந்தால் மறுபடி மறுபடி பார்க்கத் தோன்றும்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் நிர்வாண, அந்தரங்கப் படங்களை மட்டும் நகலெடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் பல நாடுகளில் அது குற்றம். கணக்குப் பெயரையும் இணைப்பையும் எழுதி வைத்தால் போதும்.

பதிலுக்குத் திட்டலாமா? பிளாக் செய்தால் போதுமா?

திட்ட வேண்டாம். சூட்டோடு எழுதிய பதிலை மட்டும் வெட்டி எடுத்து "இவன்தான் ஆரம்பித்தான்" என்று காட்டுவார்கள். ஆதாரம் எடுத்த பிறகு ரிப்போர்ட் செய்துவிட்டு பிளாக் செய்யலாம்.

தினமும் நேரில் பார்க்க வேண்டிய ஆளை பிளாக் செய்தால் வகுப்பில் வேறு சண்டை கிளம்பும் என்று பிள்ளைகள் தயங்குவது நியாயமானது. அதற்கென்றே இன்ஸ்டாகிராமில் 2019 முதல் 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற வசதி இருக்கிறது. அந்த ஆள் போடும் கமென்ட் அவருக்கு மட்டும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது, கட்டுப்படுத்தப்பட்டது அவருக்கு அறிவிக்கப்படவும் மாட்டாது. வாட்ஸ்அப்பில் யார் உங்களை குரூப்பில் சேர்க்கலாம் என்பதையும் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம்.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

பணம் கொடுக்காதீர்கள், இன்னொரு படமும் அனுப்பாதீர்கள். கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று தோன்றும், அநேகமாக அடுத்த மிரட்டல்தான் வரும். பேச்சை நிறுத்துங்கள், ஆனால் உரையாடலையும் கணக்கையும் அழிக்க வேண்டாம். அன்றைக்கே பெரியவர் ஒருவரிடமும் காவல்துறையிடமும் போக வேண்டும். மணிக்கணக்கில் நெருக்கிப் பிள்ளையைத் திணறடிப்பதுதான் இவர்கள் முறை. தனியாக இருக்கும் வரைதான் அது பலிக்கும்.

படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துகிறது, 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கானது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' இருக்கிறது. இரண்டிலும் படம் உங்கள் போனை விட்டு வெளியே போவதில்லை. படத்திலிருந்து கைரேகை மாதிரி ஓர் எண் வரிசை உருவாகி, அது மட்டும் போகிறது. இதில் சேர்ந்துள்ள தளங்கள் அந்த எண்ணை வைத்துப் படத்தை அடையாளம் கண்டு தடுக்கின்றன. சேராத தளங்களில் இது பயன்படாது.

செயற்கை நுண்ணறிவால் முகத்தை ஒட்டிச் செய்த போலிப் படம் என்றாலும் இதே வழிதான். "அது நானே இல்லையே, எதுக்குப் புகார்?" என்று விட்டுவிட வேண்டாம். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, அவமானமும் போலியாக இருப்பதில்லை.

பள்ளியில் சொல்லலாமா?

வகுப்பு ஆட்கள் என்றால் சொல்லத்தான் வேண்டும். யாரிடம், எப்போது என்று பிள்ளையோடு பேசி முடிவெடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டுகளோடு எழுத்தில் கொடுங்கள், என்ன செய்யப்போகிறார்கள், எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி "கை குலுக்குங்க" என்று சொல்வதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கை ஓங்கியவர் முன்னால் பிள்ளையால் உண்மையைப் பேச முடியாது. எதிர்த்தரப்புப் பெற்றோருக்கு நேரடியாக போன் போடுவதும் பெரும்பாலும் சண்டையில்தான் முடியும்.

செய்தது என் பிள்ளை என்று தெரிந்தால்?

"என் பிள்ளை அப்படிச் செய்யாது" என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எதிரில் முகம் தெரியாதபோது மனிதர்கள் நேரில் செய்யத் துணியாததைச் செய்கிறார்கள். உளவியலாளர் ஜான் சுலர் 2004-லேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார். நேரில் அழுகிற முகத்தைப் பார்த்தால் கை தானாக நிற்கும். திரையில் அந்த முகம் இல்லை.

பதிவை நீக்கச் சொல்லுங்கள். யாருக்கெல்லாம் அனுப்பியதோ அவர்களிடமும் நீக்கச் சொல்லட்டும். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மட்டும் மன்னிப்பு. அடி உதையால் எதுவும் கற்றுக்கொள்ளாது, பலமுள்ளவர் அடிக்கலாம் என்பதைத் தவிர. இதே பிள்ளை வேறொரு குரூப்பில் அடி வாங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இரண்டு பக்கமும் இருக்கும் பிள்ளைகள் நிறைய, அவர்கள் நிலைமைதான் பெரும்பாலும் மோசம்.

குரூப்பில் பார்த்துக்கொண்டிருப்பவர் என்ன செய்ய முடியும்?

நிறைய. ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2009-ல் நாடு முழுக்கப் பரவிய 'கிவா' என்ற, பள்ளிகளில் துன்புறுத்தலைத் தடுக்கும் திட்டமே இந்த எண்ணத்தில் எழுந்ததுதான்: சிரிப்பவர்கள் சிரிப்பதை நிறுத்தினால் செய்பவருக்குக் கிடைக்கும் லாபம் போய்விடும். எல்லார் முன்னும் எதிர்த்துப் பேசத் தைரியம் இல்லையா, பரவாயில்லை. சிரிப்பு எமோஜி போடாதீர்கள், பகிராதீர்கள். அந்தப் பிள்ளைக்குத் தனியாக ஒரு செய்தி போடுங்கள்: "குரூப்ல நடக்கறது எனக்குப் பிடிக்கல. நாளைக்கு என்கூட உட்காரு." எல்லாருமே தனக்கு எதிரி என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று சொல்லி முடியாது.

"செத்துடலாம் போல இருக்கு" என்கிறாள். கவனம் ஈர்க்கப் பேசுகிறாளா?

அப்படி நினைத்து விட்டுவிடாதீர்கள். நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, இதை ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. மறைத்து வைத்திருந்ததைச் சொல்ல முடிந்ததே என்று பிள்ளைக்கு இறுக்கம் தளரும்.

ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். மருந்து, கூரிய பொருட்கள் போன்றவற்றைக் கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கோ மனநல மருத்துவரிடமோ போங்கள், அல்லது உங்கள் நாட்டின் அவசர எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள். உடனடி ஆபத்து இல்லாவிட்டாலும், தூக்கம், சாப்பாடு, பள்ளி, நண்பர்கள் இவற்றில் ஏதாவது இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் உளவியல் ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. தன்னைக் காயப்படுத்திக்கொண்ட தடம் தெரிந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்.

எனக்குப் பதினைந்து வயது. எனக்குத்தான் இது நடக்கிறது. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்ய?

உன் தப்பு இல்லை. அந்தப் போட்டோவை நீயே அனுப்பியிருந்தாலும், அதை வைத்து உன்னை வதைப்பது அவர்கள் செய்யும் தப்பு.

முழுக்கதையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று இல்லை. அம்மா அப்பாவிடம்தான் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. அக்கா, அத்தை, சித்தப்பா, பிடித்த டீச்சர், உன் பேச்சைக் கேட்கிற பெரியவர் யாராக இருந்தாலும் சரி. நேரில் வாய் வராவிட்டால் இதை அப்படியே நகலெடுத்து அனுப்பு: "எனக்கு ஆன்லைன்ல ஒரு பிரச்சினை. ரொம்ப நாளா நடக்குது. பேசணும். திட்டாம கேக்கணும், போனை வாங்கக் கூடாது." முதலில் கேட்டவர் சரியாகக் கேட்கவில்லை என்றால் அடுத்தவரிடம் போ. பல நாடுகளில் குழந்தைகளுக்கென்றே இலவச உதவி எண் இருக்கிறது, நிறைய இடங்களில் பெயர் சொல்லாமலும் பேசலாம். பேசுவதற்கு முன்னால் இரண்டு மூன்று ஸ்கிரீன்ஷாட்டைத் தனியே எடுத்து வைத்துக்கொள். பேச்சு நின்றுபோகிற இடத்தில் அதைக் காட்டினால் போதும்.